தலைமாட்டுச் சத்தம்

எங்க மாப்பிள்ளை, அதாவது என் தங்கச்சி புருஷன், காலேஜ்ல தத்துவ வாத்தியார். நல்ல மனுஷன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஊர் வம்பு கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், சாப்பாட்டு மேசையில பாடம் நடத்துவார். "அக்கா, இந்த மேசை உங்களுக்கு என்ன நிறமாத் தெரியுது?"ன்னு ஆரம்பிப்பார். பழுப்புன்னு சொல்வேன். "இந்தப் பக்கம் வந்து ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க, வெள்ளையாப் பளபளங்குது. ரெண்டுல எது மேசையோட நெஜமான நிறம்?" "துடைச்சுட்டுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும், துணி தரட்டுமா?"ம்பேன். சின்னவ வாயில சோத்தை வச்சுக்கிட்டே சிரிப்பா.

சின்னவன்னா என் தங்கச்சி. பேரு ஒண்ணு இருக்கு, யாரும் கூப்பிடுறதில்ல.

மாப்பிள்ளை சொல்ற பாடத்துல மொத்தம் மூணு கட்சி. உலகம் எப்படித் தெரியுதோ அப்படியேதான் இருக்குங்கிறது முதல் கட்சி. அது நம்ம கட்சி, சனங்க கட்சி. ரெண்டாவது கட்சி என்ன சொல்லும்னா, நாம பார்க்குறது உலகத்தை இல்ல, உலகம் நம்ம மனசுக்குள்ள எழுதிவிடுற படத்தை. படத்தைத் தள்ளிட்டு வெளிய எட்டிப் பார்த்தவன் ஒருத்தனும் இல்ல. மூணாவது கட்சி ஒரேயடியாப் போய், படம் மட்டுந்தான் இருக்கு, வெளிய ஒண்ணுமே இல்லங்கும். "வெளிய சட்டையே இல்லாதவன் அழுக்குச் சட்டையைக் கொண்டாந்து என் கடையில ஏன் போடுறான்?"னு நான் கேட்டேன். அதுக்கு அவர் பதில் சொல்ல ஆரம்பிச்சார். நான் தட்டைக் கழுவப் போயிட்டேன்.

கீழ சலவைக்கடை என்னோடது. துவைக்கிற மெஷின் மூணு, பிழியிற மெஷின் ஒண்ணு, காய வைக்கிறது ரெண்டு, இஸ்திரிக்கு நாலு பொம்பளைங்க. லாட்ஜ் போர்வை, தலையணை உறை, சாப்பாட்டுக் கடை மேசை விரிப்பு, எல்லாம் எங்ககிட்டத்தான் வரும். கடைக்குப் பின்னால ஒரு ரூம், அங்க நான் இருக்கேன். மாடியில அவங்க ரெண்டு பேரும். அப்பா கட்டின வீடு. எனக்குக் கல்யாணம் ஆகி, ஆகாத மாதிரி முடிஞ்சுபோச்சு. அதை விடுங்க.

சின்னவளுக்குப் பிரசவ வார்டுல நர்ஸ் வேலை. அந்த வார்டுல மெஷின் கொஞ்சம், வயிறு நிறைய. அதனால வயித்து மேல குழாயை வச்சு, மறுமுனையில காதை வச்சு, உள்ள இருக்கிற பிள்ளையோட நெஞ்சுத் துடிப்பைக் கேட்பாங்க. அதுல இவ கெட்டி. வயித்துல எந்தப் பக்கம் முதுகு, எந்தப் பக்கம் கால், எந்த இடத்துல குழாயை வச்சா துடிப்பு கிடைக்கும்னு கையாலத் தடவியே கண்டுபிடிச்சுடுவா. பெரிய டாக்டர் ஒரு தடவை மெஷின் ஒரு மாதிரி சொல்லுது, இவ வேற மாதிரி சொல்றான்னு வந்தப்ப, மெஷினைத்தான் ரிப்பேருக்கு அனுப்பினாராம். அதை வந்து சொன்ன அன்னிக்கு அவ முகத்தைப் பார்க்கணுமே.

அப்படிப்பட்ட காதுக்குத்தான் நான் வினை வச்சேன்.

ஒரு நாள் விடிஞ்சும் விடியாம கடையைத் தொறக்கிறேன், சின்னவ மாடிப்படியில உக்காந்திருக்கா. "அக்கா, உனக்கு ஏதாவது சத்தம் கேக்குதா?"

"கேக்குதே. நீ பேசுறது."

"விளையாடாத. ஊம்ம்னு ஒரு சத்தம். படுத்தா வருது. எந்திரிச்சு உக்காந்தா போயிடுது. மறுபடி படுத்தா மறுபடி வருது."

"ராத்திரி என்ன சாப்பிட்ட?"

"போடி"ன்னுட்டு மேல போயிட்டா. என்னை அவ 'டி' போட்டுப் பேசுனா நெஜமாவே கோவம்னு அர்த்தம்.

அப்புறம் தினமும் இதே பேச்சு. மாப்பிள்ளை சுவத்துல காதை வச்சுப் பார்த்தார், ஒண்ணும் இல்ல. அவ படுக்கிற பக்கம் ஒரு நாள் படுத்தும் பார்த்தார், அன்னிக்குன்னு பார்த்துச் சத்தம் இல்ல. நானும் போய்ப் படுத்தேன். தலையணையில அவ தேய்ச்ச எண்ணெய் வாசம் வந்துச்சு, சத்தம் வரல. காது டாக்டர்கிட்டக் கூட்டிப் போனோம். அவர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டு, "காது பிரமாதமா இருக்கு. அதனால காதுல பிரச்சினை இல்ல"ன்னார். காதுல இல்லன்னா வேற எங்கன்னு அவர் சொல்லல. சொல்லாமலே எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு.

மாப்பிள்ளைக்கு இதுல கொஞ்சம் உற்சாகமே வந்துடுச்சுன்னுதான் நான் சொல்வேன். பொண்டாட்டி மேல பாசம் இல்லாம இல்ல. ஆனா வாழ்நாள் பூரா படிச்ச பாடம் வீட்டுக்குள்ளயே நடக்குதுன்னா எந்த வாத்தியார் சும்மா இருப்பான்? "கண்ணை விரலால அமுக்கிட்டு விளக்கைப் பாரு, விளக்கு ரெண்டாத் தெரியும். ரெண்டாவது விளக்கு எங்க இருக்கு? கால் எடுத்தவனுக்கு இல்லாத கால்ல அரிப்பு எடுக்கும். அரிப்பு நெஜம், கால் இல்ல. அந்த மாதிரிதான். உனக்குக் கேக்குறது நெஜம்மா. ஆனா அதுக்கு வெளிய ஒரு சத்தம் இருந்தாகணும்னு கட்டாயம் இல்ல."

"எனக்குச் சத்தம் வெளியிலேர்ந்துதாங்க வருது."

"அப்படித்தான் தோணும். தோணுறதுதான் அதோட வேலையே."

சின்னவ என்னைப் பார்த்தா. நான் என்ன சொல்லணும்? "படிச்சவர் சொல்றாருல்ல"ன்னேன். வாழ்க்கையில முதல் தடவையா அந்த ஆள் பேச்சுக்கு நான் ஆமாம் போட்டேன், அதுவும் எங்க வந்து போட்டேன் பாருங்க.

அவ விடல. "கடை மெஷின்தான் ஏதோ பண்ணுது. நிறுத்திப் பார்க்கலாம்"னா. மாப்பிள்ளையும் சரின்னார், பரிசோதனைன்னா அவருக்குக் குஷி. அவரே முறையும் வகுத்தார். ஞாயித்துக்கிழமை மத்தியானம். சின்னவ மாடியில கட்டில்ல படுத்திருக்கணும். சத்தம் கேட்டா தெருப்பக்க ஜன்னல் கம்பியில ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிடணும், நின்னா உள்ள இழுத்துக்கணும். கீழ நான் அவகிட்டச் சொல்லாம, என் இஷ்டத்துக்கு மெயின் சுவிட்சைப் போட்டுப் போட்டு நிறுத்தணும். மாப்பிள்ளை எதிர்த்த நடைபாதையில நின்னு கடையையும் ஜன்னலையும் ஒண்ணாப் பார்த்துக்கிட்டே இருப்பார். துண்டும் சுவிட்சும் ஒத்துப்போனா சத்தம் வெளிய. ஒத்துப்போகலன்னா உள்ள.

"சண்டை போட்டுட்டு நிக்கிறேன்னு தெருவுல நெனச்சுக்குவாங்க"ன்னு சொல்லிக்கிட்டே குடையோட போய் நின்னார்.

மெஷின் எல்லாத்தையும் ஓடவிட்டேன். துண்டு தொங்குச்சு. மெயின் சுவிட்சை நிறுத்துனேன். கடை அப்படியே செத்துப்போச்சு. வாசலுக்கு வந்து மேல பார்த்தேன். துண்டு அப்படியே தொங்குது. எதிர்த்தாப்புல மாப்பிள்ளை தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழிச்சு, நான் ஒண்ணுமே பண்ணாதப்ப, துண்டு தானா உள்ள போச்சு. மறுபடி சுவிட்சைப் போட்டேன். மூணு மெஷினும் தண்ணி பிடிக்க ஆரம்பிச்சு, துணி சுத்த ஆரம்பிச்சு, தடதடன்னு சுவரே ஆடுது. துண்டு வரல. அப்புறம் வந்துச்சு.

மெஷின் தண்ணி பிடிச்சதுக்கு அப்புறம் வந்துச்சு.

எனக்குப் பின்பக்கச் சந்து ஞாபகம் வந்துச்சு.

இங்க ஒண்ணு சொல்லணும். தெருக்குழாய்ல வர்ற தண்ணி எங்க கடைக்குப் போதாது. சொட்டுச் சொட்டா வரும். மெஷின் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கும், லாட்ஜ்காரன் போன்ல கத்துவான். அதனால ஒரு சின்ன மோட்டாரை வாங்கி, தெருக்குழாய்லேர்ந்து நேரா உறிஞ்சி மாடித் தொட்டிக்கு ஏத்துற மாதிரி போட்டிருந்தேன். அது தப்பு. யாரும் அப்படிப் போடக்கூடாது. நான் உறிஞ்சுனா தெருக்கோடி வீட்டுக்குக் காத்துதான் வரும். பிடிச்சா தண்ணி கனெக்ஷனை வெட்டிக் கடைக்கு சீல் வச்சுடுவாங்க. அதனால காதும் காதும் வச்ச மாதிரி வேற ஊர் ஆளைக் கூட்டியாந்து பின்பக்கச் சந்துல பொருத்தி, மேல பலகைப்பெட்டி ஒண்ணைக் கவுத்து, அது மேல பழைய போர்வையைப் போட்டு வச்சிருந்தேன். கரண்ட்டுக்கு மாடிப்படி விளக்கு லைன். தொட்டி குறைஞ்சா தானா ஓடும், நிறைஞ்சா தானா நிக்கும். கடை மெயின் சுவிட்சுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. தங்கச்சிக்கும் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது.

அதுலேர்ந்து மேல போற அப்பா காலத்து இரும்புக் குழாய், சின்னவ ரூமுக்குள்ள சுவத்தை ஒட்டித்தான் போகுது. அவ கட்டில் இரும்புக் கட்டில். தலைமாட்டுக் கம்பி அந்தக் குழாய்ல சாஞ்சிருக்கு.

பின்னால ஓடினேன். பெட்டியைத் தூக்கினேன். மோட்டார் ஓடிக்கிட்டிருக்கு. பக்கத்துல நிக்கிற எனக்கே அது பெரிய சத்தமாத் தெரியல. ஆனா குழாயைத் தொட்டேன், கை விர்ருன்னு நடுங்குச்சு. பிளக்கைப் பிடுங்கிட்டு முன்னால ஓடிவந்தேன். துண்டு உள்ள போயிருந்துச்சு. மறுபடி பின்னால ஓடிப் போய்ச் சொருகினேன். முன்னால வந்தா, துண்டு தொங்குது. இன்னொரு தடவை பிடுங்கினேன். துண்டு இல்ல. இன்னொரு தடவை சொருகினேன். துண்டு.

ஒரு தடவை கூட அவ தப்புப் பண்ணல. ஒரே ஒரு தடவை கூட.

மூச்சு வாங்க வாசல்ல நிக்கிறேன். எதிர்லேர்ந்து மாப்பிள்ளை குடையை மடக்கிக்கிட்டு வர்றார். "பாவம்க்கா"ன்னார். "சுவிட்சுக்கும் துண்டுக்கும் ஒரு ஒட்டுறவும் இல்ல. முழுக்க முழுக்க உள்ள இருந்துதான் வருது. நான் எப்படிச் சொல்வேன் அவகிட்ட?"

அந்த இடத்துல நான் வாயைத் தொறந்திருக்கணும். தொறக்கல. இஸ்திரி போடுற நாலு பொம்பளைங்க, லாட்ஜ் போர்வை, வாசல்ல சீலு, தெருக்கோடி வீட்டுக்காரன் வந்து நின்னு கையை நீட்டிப் பேசப்போறது, எல்லாம் ஒண்ணா ஞாபகம் வந்துச்சு. திருடனுக்குத் தேள் கொட்டினா கத்தவா முடியும்? "மெதுவாச் சொல்லுங்க மாப்பிள்ளை"ன்னேன். மெதுவாச் சொல்லுங்கன்னு சொன்னேங்க நான்! என் நாக்கை என்ன பண்ணுனா தகும்?

சொன்னார். நானும் கூட நின்னேன். சின்னவ துண்டை மடியில வச்சு மடிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டா. அழல. "அப்ப எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு"ன்னா. மறுநாளே வேற ஒரு டாக்டர்கிட்டப் போயி மாத்திரை வாங்கிட்டு வந்தாங்க.

மாத்திரை போட்டா முகம் வீங்கிடும். காலையில படி இறங்குறப்ப கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இறங்குவா. எனக்குப் பொறுக்கல. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்க. என் நெஞ்சு மோட்டாரை விட ஜாஸ்தி சத்தம் போட்டுச்சு. ஒரு மத்தியானம் கடையில எல்லாரும் சாப்பிடப் போனப்ப, பழைய டயரை வெட்டி மோட்டாருக்கு அடியில மெத்தை மாதிரி வச்சேன். குழாய்க்கும் சுவத்துக்கும் நடுவுல கிழிஞ்ச கம்பளியைத் திணிச்சேன். கட்டிலையும், கூட்டிப் பெருக்குற சாக்குல, ஒரு சாண் தள்ளிப் போட்டுட்டு வந்தேன். பிள்ளையைக் கிள்ளிவிட்டவளே தொட்டிலையும் ஆட்டினேன்.

சத்தம் நின்னுபோச்சு.

நான் என்ன நெனச்சேன்? இத்தோட தொல்லை விட்டுது, அவளும் நிம்மதி, நானும் நிம்மதி. நடந்தது என்னன்னா, நாலஞ்சு நாள் கழிச்சு சின்னவ கடைக்குள்ள வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அக்கா, சுத்தமா நின்னுடுச்சு. மாத்திரைதான். அவர் சொன்னதுதான் சரி, வெளிய ஒண்ணுமே இருந்ததில்ல. நான்தான் உன் கடை மேல பழி போட்டுட்டேன். மனசுல வச்சுக்காத."

எங்கிட்ட மன்னிப்புக் கேட்டா.

சத்தம் இருந்தவரைக்குமாவது அவ மனசுல ஒரு ஓரத்துல சந்தேகம் இருந்துச்சு, வெளியத்தான் ஏதோ இருக்குன்னு. நான் அதை நிறுத்தினதும் அதுவும் போச்சு. மாப்பிள்ளை கட்சியை நானே மெத்தை போட்டு ஜெயிக்க வச்சுட்டேன்.

அதுக்கப்புறம் அவ காதை அவ நம்பல. "அக்கா, இப்ப மணி அடிச்சுதா?"ன்னு கேப்பா. வாசல்ல மணியடிச்ச ஆள் நின்னுக்கிட்டிருப்பான், இவ என் முகத்தைப் பார்த்துட்டுத்தான் கதவைத் தொறப்பா. பால் பொங்கி அடுப்புல விழுந்து சொய்ங்குது, உக்காந்தே இருக்கா. "கேட்டுச்சு, ஆனா..."ம்பா. மாப்பிள்ளை, "இப்பத்தான் நீ ஒரு நல்ல தத்துவ மாணவி"ன்னு ஒரு நாள் தமாஷ் பண்ணினார். நான் அவரை முறைச்சேன். முறைக்கிறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை? வார்டுல ஒவ்வொரு வயித்துலயும் தான் கேட்டதுக்கு அப்புறம் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுக் கேக்க வைக்கிறாளாம். முதல்ல எல்லாரும் சிரிச்சாங்களாம், அப்புறம் சலிச்சுக்கிட்டாங்களாம். அதனால கூப்பிடுறதைக் குறைச்சுக்கிட்டேன்னா. இதெல்லாம் எனக்குத் தெரியும். நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு படுப்பேன். காலையில லாட்ஜ் வண்டி வந்து நிக்கும்.

போன வாரம் ஒரு சாயங்காலம் ட்யூட்டி முடிஞ்சு வந்தவ, செருப்பைக் கூடக் கழட்டாம மாடிப்படியில உக்காந்துட்டா. நான் போய்ப் பக்கத்துல உக்காந்தேன். மாப்பிள்ளை மேலேர்ந்து இறங்கி வந்தார்.

கோர்வையா வரல அவளுக்கு. கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினோம். தலைப்பிரசவத்துக்கு ஒரு பொண்ணு வந்திருக்கு. வலி வந்து போனதும் இவ குழாயை வச்சுக் கேட்டிருக்கா. துடிப்பு மெதுவா, விட்டு விட்டு வந்த மாதிரி இருந்திருக்கு. நிமிர்ந்து மூச்சு விட்டுட்டு மறுபடி வச்சா, சரியா இருந்திருக்கு. ரெண்டுல எது நெஜம்? கூப்பிட்டுக் காட்ட ஆள் பக்கத்துல இல்ல. "என் காதுதான் மறுபடி ஆரம்பிச்சுடுச்சுன்னு நெனச்சேன்க்கா. ரெண்டாவது கேட்டதுதான் நெஜம்னு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டேன்." அப்புறம் சுத்திவந்த இன்னொரு நர்ஸ் குழாயை வச்சுட்டுக் கூச்சல் போட்டிருக்கா. தூக்கிட்டு ஓடியிருக்காங்க, வயித்தைக் கிழிச்சு எடுத்திருக்காங்க. பிள்ளை அழல. இப்பக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. மூச்சு மெஷின்ல. பிழைச்சாலும் எப்படிப் பிழைக்கும்னு டாக்டருக்கே தெரியல.

"நீ கேட்டப்ப ஒருவேளை சரியாத்தான் இருந்திருக்கும்மா"ன்னார் மாப்பிள்ளை. அவ பக்கத்துல கீழ்ப்படியில உக்காந்து அவ பாதத்தைப் பிடிச்சுக்கிட்டார். "அதுக்கப்புறம் கெட்டிருக்கலாம். முதல்ல கேட்டது, அந்தப் பழைய சத்தம் மாதிரிதான். அதுக்கு நீ பொறுப்பில்ல."

"பெரிய நர்ஸும் அதையேதான் சொன்னாங்க. எப்பக் கெட்டுச்சுன்னு யாரும் சொல்ல முடியாதாம்." சின்னவ தலையை ஆட்டினா. "ஆனா நான் இனிமே போகல. வேலையை விட்டுடுறேன். என் காதை நம்பி யாரும் பிள்ளை பெத்துக்க வேண்டாம். நாளைக்கே எழுதிக் குடுத்துடப் போறேன்."

மறுநாள் காலையில மேல புடவை கட்டிக் கிளம்பிக்கிட்டிருந்தா, அதை எழுதிக் குடுக்க. அந்த வார்டு இல்லன்னா அவ என்ன ஆவான்னு எனக்குத் தெரியும். எங்கம்மா செத்த ரெண்டாவது வாரம் அந்த வேலைக்குத்தான் போய் நின்னா; அதுதான் அவளைத் தூக்கி நிறுத்துச்சு. கடை போனா போகட்டும், சீல் வச்சா வைக்கட்டும். மாடி ஏறினேன்.

"உக்காருடி"ன்னேன். மாப்பிள்ளையையும் உக்காரச் சொன்னேன். நான் உக்காரல.

சொல்லிட்டேன். மோட்டார், குழாய், கட்டில் கம்பி, ஞாயித்துக்கிழமை முன்னாலயும் பின்னாலயும் ஓடினது, டயர், கம்பளி, எல்லாத்தையும். ஒண்ணையும் மறைக்கல. நடுவுல மாப்பிள்ளை, "அக்கா, எத்தனை தடவை ஒத்துப்போச்சு?"ன்னார். "எல்லாத் தடவையும்"னேன். அவர் முகம் சாம்பலாப் போச்சு. நடைபாதையில குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு உலகத்தையே அளந்த மனுஷன், தரையைப் பார்த்து உக்காந்துட்டார்.

"உன் காதுல ஒரு குறையும் இல்லடி. ஒரு நாளும் இருந்ததில்ல. இருந்ததெல்லாம் எங்கிட்டத்தான். என்னை அடி. என் மூஞ்சியில காறித் துப்பு. ஆனா வேலையை விடாத."

அடிப்பான்னு நெனச்சேன். அழுவான்னு நெனச்சேன். கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், சந்தோஷப்படுவான்னு கூட நெனச்சேன், அவ காதை அவகிட்டத் திருப்பிக் குடுக்குறேனே. மனசு எவ்வளவு கேவலமா ஆசைப்படுது பாருங்க.

சின்னவ என்னை நிமிர்ந்து பார்த்தா. அப்புறம் கேட்டா. "அப்ப எனக்கு இல்லாதது எதுவும் கேட்டதே இல்லையா?"

"இல்லடி. சத்தியமா இல்ல."

"ஒரு தடவை கூட?"

"ஒரு தடவை கூட."

"அப்ப முதல்ல கேட்டதும் நெஜந்தான்."

எனக்கு உடனே உறைக்கல. மாப்பிள்ளைக்கு உறைச்சுது. சட்டுன்னு எந்திரிச்சார்.

"அந்தப் பிள்ளைக்கு நெஞ்சு விட்டு விட்டு அடிச்சது எனக்குக் கேட்டுச்சு"ன்னா சின்னவ. குரல் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. "வலி வந்து போனதும் குறையும், அப்புறம் சரியாகும். அப்படித்தான் அது ஆரம்பிக்கும். எனக்கு அது தெரியும். முதல் வருஷப் பாடம். நான் கேட்டேன். கேட்டுட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்."

"அப்படிச் சொல்லிட முடியாதும்மா" - மாப்பிள்ளை அவ தோளைப் பிடிச்சுக்கிட்டார். "ஒரு தடவை சரியாக் கேட்டதால எல்லாத் தடவையும் சரியாத்தான் கேக்கும்னு சொல்ல முடியாது. ஒருத்தர் கேட்டது நெஜமா இல்லையான்னு யாராலயும் உறுதியா..."

"விடுங்க"ன்னா. கோவமா இல்ல. குழந்தைகிட்டச் சொல்ற மாதிரி, அவர் கையை எடுத்து அவர் மடியிலயே வச்சா. "நீங்க எனக்காகச் சொல்றீங்க. தெரியுது. ஆனா எனக்குக் கேட்டுச்சுங்க."

பையை எடுத்துக்கிட்டா. வேலையை விடுறேன்னு எழுதின காகிதம் மேசை மேலயே கிடந்துச்சு, அதைத் தொடல.

"எங்கடி போற?"

"வார்டுக்கு. பெரிய நர்ஸ்கிட்டச் சொல்லணும். அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லணும். எப்பக் கெட்டுச்சுன்னு யாருக்கும் தெரியாதுன்னு மத்தவங்க சொன்னதைக் கேட்டுட்டு அங்க படுத்திருக்குது அது. எனக்குத் தெரியும்ல."

"நானும் வர்றேன். எல்லாம் என்னாலதான்னு நான் சொல்றேன். மோட்டாரைப் பத்தி எல்லாத்தையும் சொல்றேன், யாருகிட்ட வேணும்னாலும்."

"உன் மோட்டாரைப் பத்தித் தண்ணி ஆபீஸ்ல போய்ச் சொல்லு"ன்னா. செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னா, என்னைப் பார்க்கல. "அந்த வயித்துல காதை வச்சது நான்க்கா."

படி இறங்கிப் போயிட்டா. கம்பியைப் பிடிக்காம இறங்கினா. மாப்பிள்ளை சட்டையைக் கூட மாட்டாம பின்னால ஓடி, பாதிப் படியில நின்னு, திரும்பி வந்து சட்டையைத் தேடினார். நான் ஜன்னலுக்குப் போனேன்.

தெருவுல ஏதோ வண்டி பின்னாலேர்ந்து ஹாரன் அடிச்சுது. அவ யார் முகத்தையும் பார்க்கல, தானா ஒதுங்கி வழி விட்டா. விட்டுட்டு நேரா நடந்தா, முதுகு நிமிர்ந்திருந்துச்சு. நான் திருப்பிக் குடுக்கணும்னு நெனச்சது அந்தக் காதைத்தான். பார்க்க முடியாம ஜன்னலைச் சாத்தினேன்.